இடப்பக்கம் சாய்ந்த கோடுகள்

உங்கள் சுவரில் தொங்கும் கலண்டர் படம் சுமார்தான், சேர். ஆனாலும் வரைந்தவனுக்குச் சொந்தமாக ஒரு கோடு இருக்கிறது. எனக்கு அது வாய்க்கவில்லை.

நான் புவனேந்திரன், பசறையில் சித்திர ஆசிரியர். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருந்த வீரசிங்கம் அண்ணன் கோயில் சுவர்களுக்குப் படம் எழுதுகிறவர். இடக்கைக்காரர். நிழலுக்கு அவர் இழுக்கும் கோடெல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அந்த அழகில் மயங்கி, வலக்கைக்காரனான நான் மணிக்கட்டை முறுக்கி அப்படியே இழுக்கப் பழகினேன். கை வீங்கி, சோற்றைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டேன். கலைக்காக என்று பெருமை வேறு.

பதுளையில் கண்காட்சி வைத்தேன். கொழும்பிலிருந்து வந்த விமர்சகர், "இதெல்லாம் வீரசிங்கத்தின் கோடு. உங்களுடையது எங்கே?" என்றார். புதுப் பட்டு வேட்டியில் நின்று இளித்தேன். அண்ணனோ, "தம்பி அப்படியே நம்மள மாதிரி போடுது" என்று எல்லோரிடமும் பூரித்தார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த அடைமழையில், மலை சரியப்போகிறது, எல்லோரையும் பாடசாலைக்கு அனுப்புங்கள் என்று கிராம சேவகர் எனக்குத்தான் போன் செய்தார். ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். லயத்தின் கடைசி வீடான காம்பிராவில் அண்ணன் தனியாக இருந்தார். மனைவி மாரியாயி அக்கா ஹாலிஎலயில் மகள் வீட்டில். ஜன்னலால் பார்த்தேன், வரைந்துகொண்டிருந்தார். வரைகிறவரைத் தொந்தரவு செய்வது நாகரிகமில்லை. தட்டாமல் திரும்பி நடந்தேன்.

பாடசாலையில் பக்கத்துக் காம்பிரா யசோதினி கேட்டாள்.

"வீரசிங்கம் அண்ணன காணோமே, மாஸ்டர்?"

"அவரு காலையிலயே மக வீட்டுக்குப் போயிட்டாருங்க."

பொழுது சாய்வதற்குள் மண் இறங்கிவிட்டது.

மறுநாள் தோண்டியவர்களில் நானும் ஒருவன். அழுதேன், அது நடிப்பில்லை. அஞ்சலிக்கு அவர் முகத்தை நானே வரைந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். என் கையில் வந்த படங்களிலேயே அதுதான் உசத்தி. மாரியாயி அக்கா அதைத் தடவித் தடவி அழுதார்.

"சாகறதுக்கு முந்தி தன்னையே வரைஞ்சு வச்சிருக்காரு பாருங்க."

"அது நான் வரைஞ்சது அக்கா."

"சும்மா இருங்க தம்பி. அவரு கோடு எனக்குத் தெரியாதா?"

பத்திரிகையிலும் அந்தப் படம் அவர் பெயரில்தான் வந்தது. பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்து சொன்னேன், அனுதாபம் தெரிவித்தார்.

அதனால்தான் நானாகவே பொலிசுக்கு வந்தேன், சேர். தெரிந்தேதான் அவரைச் சாகவிட்டேன். கொலை என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால், முதல் வரியில், அந்தப் படத்தை வரைந்தவன் நான் என்று எழுதிவிடுங்கள்.