டென்னிஸ் பந்து வாசன

இன்னொரு தடவ எவனாவது அந்தக் கிளாஸ என் மூக்குக்கு நேரா நீட்டட்டும், அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்... பெல்ட்டப் போட்டுக்கோங்க, இல்லன்னா வண்டி கீங்கீங்குன்னு கத்தும். பின்னாடி திரும்பிப் பாருங்க. விஸ்கி ரசிகர் மன்றமாம்! ஏழு பேரும் வாயப் பொளந்துட்டு தூங்குறானுங்க. ஒரு குறட்டைக்கும் இன்னொரு குறட்டைக்கும் சுருதியாவது சேருதா?

நீங்க இன்னைக்குத்தான் சேந்தீங்க இல்ல? பாவம். நான் சேரவே இல்லீங்க. எம்பொண்டாட்டியோட அண்ணன் கோமார்தான் தலைவரு. அந்தாளுக்கு வேன் வேணும், எங்கிட்ட வேன் இருக்கு. அவ்ளோதான், நான் பாப் ஆயிட்டேன். நம்ம பெல்ஜியத்துல, குடிக்காம மத்தவங்கள வீடு கொண்டுபோய்ச் சேக்குற டிரைவருக்கு அதான பேரு. எல்லாரும் குடிப்பாங்க, பாப் மட்டும் தண்ணியக் குடிச்சுட்டு கடுகு விழுது தொட்டு சீஸ் தின்னுட்டு உக்காந்திருக்கணும்.

அப்புறம் ஏன் எனக்குக் கை தட்டுனாங்கன்னா? ம்... கேட்டுட்டீங்களா. நீங்க லேட்டா வந்தீங்க, முன்னாடி நடந்தது உங்களுக்குத் தெரியாது.

அந்த விஸ்கி காய்ச்சுற பொண்ணு யோரின் இருக்கால்ல, அவ என் அக்கா மக. மாட்டுக்கொட்டாயக் காலி பண்ணி, செம்புக் கொதிகலன் வச்சு, சொந்த வயல் பார்லிய ஊற வச்சு... அதென்ன, ஊரே சிரிச்சுது. நம்ம ஊரு சின்ட்-த்ரௌடன்ல பேரிக்கா வெளையும், ஆப்பிள் வெளையும், விஸ்கி வெளையுமாடீன்னு. மூணு வருஷம் பீப்பாயில கெடந்தாத்தான் விஸ்கின்னு பேரே வைக்க விடுவாங்க. அந்த மூணு வருஷமும் அவ வேற வருமானம் பாக்கல. மொதப் பீப்பாய இன்னைக்குத்தான் தொறந்தா.

நம்ம கோமார் என்ன பண்ணாரு? கிளாஸத் தூக்கி வெளிச்சத்துல பாத்தாரு. "வைக்கோல் கலரு." ஒரு சுழட்டு சுழட்டுனாரு. "கொழந்த. பால்குடி மறக்கல. இன்னும் பத்து வருஷம் கழிச்சு எழுப்பு"ன்னாரு. உடனே மத்த ஆறு தலையும் ஆமா ஆமாங்குது! ஒருத்தனாவது வாயில வச்சானா? வைக்கலீங்க! மன்றம் நல்லாயில்லன்னு சொல்லிட்டா நம்ம ஊர்க் கடைக்காரன் ஒருத்தனும் ஒரு பாட்டில்கூட எடுக்க மாட்டான். பொண்ணு மொகம் சுண்டிப்போச்சு.

எனக்குப் பொறுக்கல. எந்திரிச்சேன். பாப்தான், குடிக்கக் கூடாது, மோந்து பாக்கக் கூடாதுன்னு சட்டமில்லயே? கிளாஸுக்குள்ள மூக்க விட்டேன். கண்ண மூடுனேன். நல்லா நேரம் எடுத்துக்கிட்டேன்... "மழ விட்டதும் பேரி மரத்துப் பட்ட"ன்னேன். இன்னும் கொஞ்சம் இழுத்தேன். "அதுக்குப் பின்னாடி... புது டென்னிஸ் பந்து டப்பாவ அப்பத்தான் தொறந்த மாதிரி."

சிரிப்பாங்கன்னு பாத்தா, ஒரு பய சிரிக்கலீங்க! எல்லா மூக்கும் கிளாஸுக்குள்ள எறங்கிருச்சு. "பட்ட... ஆமாய்யா, பட்டதான்!" ஒருத்தரு, "பந்து புதுசில்ல, ரெண்டு ஆட்டம் ஆடுனது"ங்கிறாரு. அதுக்கு ஒரு சண்ட! கோமார் எந்திரிச்சு, "இதத்தான் நான் மொதல்ல சொல்ல வந்தேன்"னாரே பாக்கணும்! அப்புறம் குடிச்சாங்க. ரெண்டாவது ஊத்தச் சொன்னாங்க. மூணாவதும். யோரின் என்னக் கட்டிப் புடிச்சு அழுதா. அப்பத்தான் நீங்க உள்ள வந்தீங்க.

சந்தோஷம்தான்! யாரு இல்லன்னா? ஆனா அதோட விட்டானுங்களா? "மன்றத்தோட மூக்கு"ன்னு எனக்குப் பட்டம் குடுத்துட்டானுங்க. வர்ற வியாழக்கெழம, ஊர் மண்டபத்துல, என் கண்ணக் கட்டி, நம்ம பொண்ணோடது ஒண்ணு, ஸ்காட்லாந்துது ஒண்ணு, ரெண்டு கிளாஸ முன்னாடி வச்சு, எது எதுன்னு நான் சொல்லணுமாம். சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. நான் தப்பாச் சொன்னா, மாமங்காரன் மருமகளுக்காகப் புளுகுனான்னுவாங்க. அப்புறம் அந்த விஸ்கிய எவன் தொடுவான்?

...இருங்க, பின்னாடி யாரோ முனகுறாங்க. ஃப்ரீட் கடையா, உருளக்கெழங்கு வறுவல் வேணுமா? நிறுத்துறேன், நிறுத்துறேன். எறங்கி வாங்கிக்குங்கய்யா. மயோனீஸ் சீட்டுல பட்டுது, தொலச்சிருவேன்!

அப்பாடா, போயிட்டானுங்க. ஏங்க, கிட்ட வாங்க. ஒண்ணு சொல்றேன், எம்பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. போன குளிர்ல ஒரு சளி புடிச்சுது பாருங்க... அன்னையிலேர்ந்து எனக்கு வாசனையே தெரியாது. ஒண்ணுமே! வெங்காயமும் ரோசாப்பூவும் எனக்கு ஒண்ணுதான். அந்தக் கிளாஸுல அவ டீசல் ஊத்தியிருந்தாலும் பேரி மரத்துப் பட்டன்னுதான் சொல்லியிருப்பேன்!

அதனால... வியாழக்கெழம நீங்க எம் பக்கத்துல உக்காருங்க. புது ஆளு, ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான். நீங்க குடிச்சுப் பாத்துட்டு மேசைக்கு அடியில மெதுவா ஒரு உத. ஒரு உதன்னா நம்மளுது, ரெண்டு உதன்னா ஸ்காட்லாந்து. என்ன சொல்றீங்க? ...எங்க எறங்குறீங்க? உங்களுக்கும் ஃப்ரீட்டா? எனக்கும் ஒரு பொட்டலம்... ஏங்க, கட அந்தப் பக்கம்! ஏங்க! அது பஸ்ஸுங்க! அட, ஓடுறாரே... ஏறியே போயிட்டாரா?

போகட்டும். கோழ.

...ஐயோ! மச்சான்! நீங்க எறங்கலயா? பின்சீட்டுலயேவா படுத்திருந்தீங்க? எவ்வளவு நேரமா முழிச்சுட்டு... எல்லாமேவா? மச்சான், சத்தியமா, அந்தப் பொண்ணுக்காகத்தான்... என்னது? மெதுவாப் பேசுங்க, வர்றானுங்க. என்ன சொன்னீங்க? உங்களுக்குமா வாசன தெரியாது? எப்பலேர்ந்து? நாலு வருஷமாவா!

யோவ் மச்சான்... அப்ப வியாழக்கெழம யாரு யார ஒதைக்கிறது?