சிவப்பு நூல், நீல நூல்

டாக்டர்: மேசையை யாரும் ஆட்டாதீங்க, மைக்ரோஸ்கோப் ஆடுது. ஆட்டினா முதல்ல இருந்து எண்ணணும்.

அண்ணி: நான் ஆட்டலை டாக்டர். இவ மூச்சு விடறதுல ஆடுது.

நாத்தனார்: நீங்க முதல்ல அந்தக் காலை ஆட்டறதை நிறுத்துங்க அண்ணி.

டாக்டர்: ஒன்பது... பத்து... பேசாதீங்க... பதினொண்ணு.

நாத்தனார்: கண்ணாடித் தட்டுல ஒரு கட்டத்துக்கா?

டாக்டர்: மொத்தத்துக்கும்.

நாத்தனார்: மொத்தத்துக்கும் பதினொண்ணா... அண்ணி, கேட்டீங்களா?

அண்ணி: காது இருக்கு எனக்கு. போன தடவை குஞ்சு விட்ட இதே இருபத்தெட்டாம் நாள் எத்தனை வந்துச்சு டாக்டர்?

டாக்டர்: முந்நூத்தி நாப்பது. எண்ணி முடிக்கறதுக்குள்ள எனக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சு.

அண்ணி: அறுநூறு கோழி போச்சு அப்ப. காலையில கதவைத் திறந்தா தரையெல்லாம் ரத்தக் கழிச்சல். நான் வாசல்லயே உட்கார்ந்துட்டேன்.

நாத்தனார்: அதை ஏன் இப்ப...

அண்ணி: சரி, சொல்லலை. இருந்தாலும் பாரு, கறிக்கோழி வளர்க்கறோம், ஒரு முட்டை கிடையாது. ஆனா மூணு பேரும் உட்கார்ந்து முட்டை எண்ணிக்கிட்டு இருக்கோம்.

டாக்டர்: இது கோழி போட்ட முட்டை இல்லைம்மா. கோழிக் குடலுக்குள்ள குடியிருக்கற காக்சிங்கற ஒட்டுண்ணி போட்ட முட்டை. வாடகை தராம குடியிருக்கறவன்.

நாத்தனார்: பதினொண்ணுன்னா நல்லதுதானே டாக்டர்?

டாக்டர்: ரொம்ப நல்லது. ஒண்ணுமே இல்லாம இருக்கறதை விட இதுதான் நல்லது. கொஞ்சம் இருந்தாத்தான் கோழிக்குப் பழகும். சரி, இது சிவப்பு நூல் கட்டின கவர்ல வந்த கோழி எச்சம். சிவப்பு யார் ஷெட்டு?

அண்ணி: அதை இப்ப சொல்லக் கூடாது. நீலத்தையும் எண்ணுங்க.

டாக்டர்: நல்ல ஆளுங்கம்மா நீங்க. பந்தயம் கட்டினது நீங்க ரெண்டு பேரு, கண்ணு வலிக்கறது எனக்கு. எண்ணறதுக்கு முன்னாடி பந்தயம் என்னன்னு இன்னொரு தடவை சொல்லுங்க. அப்புறம் யாரும் பேச்சு மாத்தக் கூடாது.

நாத்தனார்: ஒண்ணாம் ஷெட்டு அண்ணிக்கு. வழக்கமா போடற காக்சி மருந்து, தீவனத்துல கலந்து. ரெண்டாம் ஷெட்டு எனக்கு. மருந்தே கிடையாது, குடிக்கற தண்ணியில புரோபயாடிக் மட்டும்.

அண்ணி: கிருமியை விரட்டக் கிருமியையே வாங்கி ஊத்தறாங்க டாக்டர். புரொபசரம்மா கண்டுபிடிப்பு.

நாத்தனார்: நல்ல கிருமி அண்ணி. அது குடல் பூரா முதல்லயே இடம் பிடிச்சுக்கிட்டா காக்சிக்கு உட்காரவே இடம் இருக்காது. உங்க மருந்தைப் பத்து வருஷமா தின்னு தின்னு காக்சிக்கு அது பழகிப் போச்சு. டாக்டரே சொன்னாரு.

டாக்டர்: என்னை இழுக்காத. பந்தயத்தைச் சொல்லு.

நாத்தனார்: யாரு ஷெட்டுல முட்டை கம்மியோ அவங்க ஜெயிச்சாங்க. நான் ஜெயிச்சா இங்கயே இருந்து ரெண்டு ஷெட்டையும் பார்த்துக்குவேன், அண்ணி மறு பேச்சு பேசக் கூடாது. அண்ணி ஜெயிச்சா...

அண்ணி: சொல்லு.

நாத்தனார்: அண்ணி ஜெயிச்சா நான் டவுன்ல அந்த லேப் வேலைக்குப் போயிடணும். பெட்டி கட்டி வச்சாச்சு. இன்னிக்குப் பதினோரு மணிக்கு அங்க இருந்து போன் பண்ணுவாங்க, வரேனா இல்லையான்னு சொல்லணும்.

டாக்டர்: இப்ப மணி பத்தே முக்கால். ஏம்மா, இவ அண்ணன் இதுக்கு என்ன சொல்றாரு?

அண்ணி: அவரு என்ன சொல்லுவாரு, லாரியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வர அவருக்கென்ன பைத்தியமா?

டாக்டர்: சரி, எண்ணறதுக்குள்ள அந்த மருந்து மூட்டையைக் கொண்டாங்க. மேல இருக்கற நம்பரை நோட்டுல எழுதணும்.

அண்ணி: அது... அப்புறம் தரேன். நீங்க எண்ணுங்க.

டாக்டர்: ஒண்ணு... ரெண்டு... மூணு...

நாத்தனார்: அண்ணி, கையைக் கொடுங்க.

அண்ணி: எதுக்குடி?

நாத்தனார்: எனக்குப் பயமா இருக்கு.

அண்ணி: எனக்கு மட்டும் என்னவாம்? இந்தா.

டாக்டர்: ...பன்னிரண்டு... பதிமூணு... பதினாலு. அவ்வளவுதான். நீலம் பதினாலு.

நாத்தனார்: பதினாலா? ரெண்டு ஷெட்டும் நல்லா இருக்கா? ரெண்டுமேவா?

டாக்டர்: ரெண்டுமே. இருபது வருஷமா இந்த மைக்ரோஸ்கோப்புல குனிஞ்சு பார்க்கறேன், ஒரே பண்ணையில ரெண்டு ஷெட்டும் இப்படி வந்து பார்த்ததில்லை. இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கட்டுமான்னு இருக்கு.

அண்ணி: ஐயோ, வேண்டாம் சாமி. வந்த வரைக்கும் போதும். ஆறாயிரம் கோழியும் தப்பிச்சுதுடி. ஆறாயிரமும்.

நாத்தனார்: அண்ணி, நீங்க அழறீங்க.

அண்ணி: தீவனத் தூசி.

டாக்டர்: அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். சிவப்பு பதினொண்ணு, நீலம் பதினாலு. நூல் கட்டினது யாரு?

அண்ணி: ரெண்டு பேரும்தான். சிவப்பு... சிவப்பு இவளோட ஷெட்டு.

நாத்தனார்: இல்லையே. நான் என் கையால கட்டினது நீலம்.

அண்ணி: சிவப்புடி. உனக்கு ஞாபகம் இல்லை.

நாத்தனார்: எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சிவப்பு உங்க புடவைக் கலரு, அதனால நீங்க எடுத்துக்கிட்டீங்க. நான்தான் தோத்தேன் அண்ணி.

அண்ணி: அதெல்லாம் இல்லை. நான்தான் தோத்தேன்.

டாக்டர்: இருங்க இருங்க. ஜெயிக்கறதுக்குச் சண்டை போட்டுப் பார்த்திருக்கேன். தோக்கறதுக்குச் சண்டை போடற ஆளுங்களை இப்பதான் பார்க்கறேன். கவர்ல உள்பக்கம் நானே ஷெட்டு நம்பர் எழுதித்தான் கொடுத்தேன். பிரிச்சுப் பார்க்கறேன்... சிவப்பு, ஒண்ணாம் ஷெட்டு. ஜெயிச்சது நீங்கதாம்மா.

அண்ணி: இன்னொரு தடவை நல்லாப் பாருங்க டாக்டர்.

நாத்தனார்: சரி. அப்ப நான் போறேன்னு சொல்லிடறேன். போன் எங்க வச்சேன்...

டாக்டர்: நில்லும்மா. எனக்கு ஒரு கணக்கு இடிக்குது. அதே மருந்து, அதே ஷெட்டு, அதே மாதிரி குஞ்சு. போன தடவை முந்நூத்தி நாப்பது. இந்தத் தடவை பதினொண்ணு. பழகிப் போன மருந்துக்குத் திடீர்னு எப்படி இவ்வளவு பலம் வந்துச்சு?

அண்ணி: ராசியா இருக்கும்.

டாக்டர்: காக்சிக்கு ராசி தெரியாது. தண்ணி மாத்தினீங்களா?

அண்ணி: அதே போர் தண்ணிதான். ஆனா இந்தத் தடவை குளோரின் மாத்திரை போடலை. டப்பாவையே காணோம்.

டாக்டர்: காணோமா?

அண்ணி: தொட்டிப் பக்கத்துல வச்ச டப்பா. அஞ்சாம் நாளே காணாமப் போச்சு. எலி இழுத்துட்டுப் போயிருக்கும்னு நினைச்சேன். புதுசு வாங்கினேன், அதுவும் போச்சு.

டாக்டர்: எலிக்குக் குளோரின் எதுக்கும்மா? குளோரின் போட்டா சாகறது புரோபயாடிக்தான்... ஏம்மா, நீ ஏன் தலையைக் குனியற?

நாத்தனார்: டப்பா என் பெட்டிக்குள்ள இருக்கு. ரெண்டும்.

அண்ணி: என்னடி சொல்ற?

நாத்தனார்: அஞ்சாம் நாள்ல இருந்து, நீங்க பால் காய்ச்ச உள்ள போற நேரம் பார்த்து, உங்க தொட்டியிலயும் புரோபயாடிக் ஊத்தினேன் அண்ணி. தினமும் ஒரு வாளி.

அண்ணி: என் ஷெட்டுல காலே வைக்காதேன்னு சொன்னேனே.

நாத்தனார்: வைக்கலை. தொட்டி வெளியதான இருக்கு.

டாக்டர்: ஏம்மா, உனக்கு மூளை இருக்கா? இருக்கணும்னு சொல்லிப் பந்தயம் கட்டிட்டு, எதிராளி ஜெயிக்கறதுக்குத் தண்ணி ஊத்தினியா?

நாத்தனார்: உங்க மருந்து வேலை செய்யாதுன்னு எனக்குத் தெரியும் அண்ணி. போன தடவை வாசல்ல உட்கார்ந்தீங்களே... மறுபடி அப்படி உங்களைப் பார்க்க முடியாது என்னால. ஜெயிச்சு என்ன பண்ணப் போறேன்? உங்க குஞ்சு செத்து, என் குஞ்சு ஜெயிக்கணுமா?

அண்ணி: பைத்தியக்காரி.

டாக்டர்: ரெண்டு பேரும் சேர்ந்து என் நோட்டைக் கெடுத்துட்டீங்க. ஒண்ணாம் ஷெட்டுக்கு மருந்தும் போயிருக்கு, புரோபயாடிக்கும் போயிருக்கு. எது காப்பாத்துச்சுன்னு எப்படிச் சொல்றது? இனிமே மூணு மாசம் கழிச்சுப் புதுக் குஞ்சு விட்டு, முதல்ல இருந்து... போன் அடிக்குது பாரு.

நாத்தனார்: லேப்லதான்... ஹலோ. வணக்கம் சார். ஆமா சார், பெட்டியெல்லாம்... பத்து நிமிஷம் கொடுங்க சார், நானே கூப்பிடறேன்.

அண்ணி: பத்து நிமிஷம் எதுக்கு?

நாத்தனார்: பந்தயம் பந்தயம்தான் அண்ணி. ஏமாத்தினதும் நான், தோத்ததும் நான். டாக்டருக்கு அந்த மூட்டை நம்பரை மட்டும் எடுத்துக் கொடுத்துட்டுப் பேசறேன்.

அண்ணி: மூட்டையை நான் எடுக்கறேன். நீ உட்காரு.

நாத்தனார்: பரவாயில்லை, கதவுக்குப் பின்னாடிதான...

அண்ணி: உட்காருன்னு சொல்றேன்ல. அது எங்க இருக்கோ... அதெல்லாம் தீர்ந்து போச்சு.

நாத்தனார்: தீரலையே. நாலும் இங்கயே அடுக்கி இருக்கு. மேல சாக்கு போட்டு மூடி... அண்ணி.

டாக்டர்: என்னம்மா?

நாத்தனார்: நாலு மூட்டை வந்துச்சு. நாலும் இருக்கு டாக்டர். ஒண்ணுல கூடத் தையல் பிரிக்கலை.

டாக்டர்: பிரிக்கலையா? அப்ப ஒண்ணாம் ஷெட்டுக்கு மருந்தே போகலை? இருபத்தெட்டு நாளும் வெறும் தீவனமா? ஏம்மா, மூவாயிரம் உயிரை வச்சு என்ன விளையாட்டு இது?

அண்ணி: விளையாடலை டாக்டர். ஒரு சொட்டு ரத்தம் பார்த்தாலும் அடுத்த நிமிஷம் கலந்துடணும்னு கத்திரியும் தராசும் தயாரா வச்சிருந்தேன். மணிக்கு ஒரு தடவை தரையைக் குனிஞ்சு பார்த்தேன். இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு பார்த்தா... வரவே இல்லை. எனக்கே ஒண்ணும் புரியலை.

டாக்டர்: எனக்குப் புரியுது. அப்ப ரெண்டு ஷெட்டும் புரோபயாடிக் மட்டும்தான். கொண்டா அந்த நோட்டை. மூணு மாசம் கழிச்சுக் கண்டிப்பா மறுபடி பார்க்கணும், ஆனா இது... இதை எழுத எனக்குக் கை பரபரங்குது. பேனா எங்க?

நாத்தனார்: இருங்க டாக்டர். அண்ணி, என்னைப் பாருங்க. மருந்தை விட்டா பண்ணையே போயிடும்னு என் கூட அத்தனை சண்டை போட்டீங்களே. அப்புறம் ஏன் பிரிக்கலை?

அண்ணி: போகாதேன்னு சொல்ல எனக்கு வாய் வரலைடி. நான் தோத்துட்டா, சொல்லாமலே நீ இருந்துடுவேன்னு பார்த்தேன்... அதுக்கும் விடலையே நீ.