காவலரே இடித்த வீடு

தலைமை இருக்கைக்கு அழகு சேர்க்கும் மருத்துவர் ஜானகியம்மாள் அவர்களே! கரியெடுத்து நாட்டுக்கு ஒளி கொடுக்கும் சுரங்கத் தோழர்களே! பொங்கலை இறக்கிவைத்த கையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! முதல் ஷிப்டு முடித்து, முகத்துக் கரியோடு நிற்கும் தம்பிகளே! தமிழாசிரியன் குழந்தைவேலின் தலைதாழ்ந்த வணக்கம்!

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாரே வைத்திலிங்கம், போன பொங்கலுக்கு இவர் பிழைப்பாரா என்றல்லவா நம் குடியிருப்பு பிளாக்கே கலங்கி நின்றது? இன்று கரும்பு கடிக்கிறார்! பார்க்கப் பார்க்க என் நெஞ்சு நிறைகிறது.

என்ன நோய்? ஹெப்படைட்டிஸ் பி. ஈரலில் குடியேறும் கிருமி. ஆண்டுக்கணக்கில் திருடன் உள்ளே இருந்தான். உடம்பைக் காக்கும் படையோ கண்டும் காணாமல் கிடந்தது. வலி உண்டா? இல்லை. காய்ச்சல் உண்டா? இல்லை. திடீரென்று படை விழித்தது! விழித்த படை என்ன செய்தது? திருடன் ஒளிந்திருந்த ஈரலையே அடித்து நொறுக்கியது! கண் மஞ்சளித்தது, கால் வீங்கியது. சண்டை நீள நீளப் படையும் சோர்ந்தது. அடிபட்ட ஈரல் தழும்பேறி இறுகத் தொடங்கியது. திருடன் செய்த சேதத்தைவிடக் காவலர் செய்த சேதம் பெரிது என்று மருத்துவர் அம்மையார் சொன்னபோது நான் ஆடிப்போனேன்.

வெளியே மட்டும் என்ன வாழ்ந்தது? சுரங்கத்தில் ஒருவர் சோர்ந்தால், மற்றவர்கள் அவர் வேலையைப் பங்குபோட்டுக்கொள்வது வழக்கம். அருமையான வழக்கம்! வைத்திலிங்கத்தைப் பம்பு ஷெட்டு ஓரம் படுக்கவைத்து, கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்து, "நீ படுத்துக்கினு இரு மாமா, நாங்க பாத்துக்கிறோம்" என்று... யாரங்கே சிரிப்பது? தங்கராசுவா? உங்களைத்தான் ஐயா சொல்கிறேன்! பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாசம் அவரை மருத்துவர் கண்ணில் படாமலே வைத்திருந்தது.

வந்தார் அவர் மனைவி கலியம்மாள். ஷிப்டு பஸ்ஸை மறித்து நின்றார். "எம் புருசன் வேலய நாலு பேரு பங்கு போட்டுக்கினீங்க. அவரு சாவையும் பங்கு போட்டுக்குவீங்களா?" என்று கேட்டார். தங்கராசுவே வீட்டுக்கு ஓடிப்போய் வைத்திலிங்கத்தைத் தோளில் தூக்கிவந்தார். அதே பஸ் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது.

பல வாரம் படுக்கை, மருந்து, உப்பில்லாச் சோறு. மெல்ல மெல்லப் படை அடங்கியது, ஈரல் தேறியது. திருடன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். அதனால் தவறாமல் ரத்தம் பார்க்கிறார்கள், வீட்டாருக்கும் பார்த்தாகிவிட்டது. அதற்காக அவருக்குத் தனி டம்ளர் வைக்காதீர்கள் தாய்மார்களே, கூட உட்கார்ந்து சாப்பிட்டால் ஒட்டாது!

தூங்கிய காவலும் கெடுத்தது, துள்ளிய காவலும் கெடுத்தது, துணைநின்ற பாசமும் கெடுக்கப் பார்த்தது. ஆகவே தோழர்களே, நாளை உங்களில் ஒருவர் கண் மஞ்சளித்தால் அவர் வேலையைத் தோளில் தூக்காதீர்கள், அவரைத் தூக்குங்கள்!

அதோ, கலியம்மாள் இலை போடச் சொல்லிவிட்டார். சர்க்கரைப் பொங்கலுக்கு உப்பு வேண்டியதில்லை. இன்று வைத்திலிங்கமும் நம்மோடு ஒரே பந்தி. கேட்டிருந்த அனைவருக்கும் நன்றி, வாழ்க நீங்கள், வணக்கம்!