காயாத பேன்ட்

"ஹலோ... யாரு, அனீஷா... சொல்லுடா மோனே. கொஞ்சம் சத்தமாப் பேசு, இங்க கல்லுல துணி அடிச்சிட்டிருக்காங்க, ஒண்ணும் கேக்கல... ஆமா ஆமா, வேலித் துறையிலதான் இருக்கேன். பின்ன எங்க போவேன்."

இசக்கிசெல்வி ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். வீடு மட்டாஞ்சேரியில், பிழைப்பு வேலி சலவைத் துறையில். ஃபோர்ட் கொச்சி ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் அவள் தலையில்தான் வந்து விழும். அவள் புருஷன் பிச்சைமணி மரம் வெட்டுகிறவன். அவன் மேலே ஏறிச் சங்கிலி ரம்ப மெஷினால் அறுப்பான். அனீஷ் கீழே நின்று கயிறு பிடிப்பான். இன்றைக்கு இடக்கொச்சியில் அம்பிளி டீச்சர் வீட்டு மழைமரம்.

"என்ன, வேலை நடக்கலியா... ஓ, அவுக மேல இருக்காகளா... ஷெரி. என்ன வாங்கப் போற... பேன்டா. அவுக அறுக்கும்போது போட்டிருக்காகளே, அந்த மெஷின் பேன்டா... நல்லதுடா, நீயும் ஒண்ணு வாங்கு... போன்ல ரெண்டு மாதிரி காட்டுதா. முன்பக்கம் மட்டும் தடியா ஒண்ணு, சுத்திலும் தடியா ஒண்ணு... யோசிக்கவே வேண்டாம், முன்பக்கத்தை வாங்கு. அவுகளுது சுத்திலும். துவைக்கிறதுக்குள்ள என் உயிரு போவுது... இடுப்பு கொஞ்சம் பெருசா எடு. கொம்புல குத்த வைக்கும்போது பிடிக்கக் கூடாதுல்ல."

துணி விஷயத்தில் செல்விக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. யாராவது யோசனை கேட்டால் போதும், கையில் இருக்கிற வேலை அப்படியே நிற்கும். மூட்டை மூட்டையாக அழுக்கு காத்துக்கிடக்க, துவைக்கும் கல்லின் விளிம்பில் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படித் துவைக்கிறதா... அப்படிக் கேளு. செயின் ஆயிலு முதல்ல போகணும். வெதுவெதுன்னு தண்ணில சோப்புத்தூள் போட்டு ஊற வை. வெள்ளாவி கூடாது, பிளீச்சு கூடாது. கல்லுல அடிக்காத, கையால கசக்கு... அதெல்லாம் ஒருத்தரும் சொல்லித் தரல, துணியத் தொட்டாலே தெரியும்... காயறதா. அங்கதான் பெரும்பாடு. இந்த இடவப்பாதி மழையில அது காயவே காயாது. வெளிய தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள சதசதன்னு. நாத்தம் வேற. அதைப் போட்டுப் போட்டு அவுகளுக்குத் தொடையெல்லாம் வேர்க்குரு..."

அவள் பேச்சை நிறுத்திக் கேட்டாள். முகம் மலர்ந்தது.

"பேன்டு லேசா இருக்குன்னு சொன்னாகளா, இன்னிக்கு... பாரு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. உன்கிட்ட சொல்லியிருக்காக... மருந்தும் இல்ல, மாயமும் இல்லடா. உள்தையலைப் பிரிச்சேன். பாத்தா அடுக்கடுக்கா பஞ்சு. பஞ்சுன்னும் சொல்ல முடியாது, நீள நீளமா பட்டுநூல் மாதிரி. அதுதான் தண்ணியக் குடிச்சு வச்சிருக்கு. அம்புட்டையும் உருவிட்டு, பழைய தையல் மேலேயே திரும்பத் தச்சுட்டேன். அவுகளுக்கே தெரியல... ஆமா, அம்புட்டையும்... ரெண்டு காலுலயும். உன்னுதையும் கொண்டு வா, செஞ்சு தரேன்... ஏன்டா இப்படிக் கத்துற."

"என்ன... திரும்பச் சொல்லு... விக்கிறவங்க போன்ல எழுதியிருக்காங்களா. வாசி... செயினு கால்ல பட்டா, அந்த நூலு வெளிய வந்து... செயின்ல சுத்தி... மெஷினை நிறுத்திடுமா. நூலா... அப்போ மேல உள்ள துணி... சும்மாவா. வெறும் துணிதானா."

செல்வி கல்லை விட்டு எழுந்தாள். வெட்டுப்படாத பேன்ட் என்று மட்டும்தான் பிச்சைமணி சொல்லியிருந்தான். கெட்டித் துணியாக்கும் என்று அவள் நினைத்தாள். துணிக்காரி வேறெப்படி நினைப்பாள்.

"பேப்பரா... இடுப்புல உள்பக்கம் தச்சிருந்ததே, அதுவா. அது இங்கிலீஷுடா. மலையாளமா இருந்தா வாசிச்சிருப்பேன். இடுப்புல உரசுதுன்னாக, அதையும் வெட்டிட்டேன்... அந்த நூலு ஏது, குப்பை எடுக்கிறவ கொண்டு போயிட்டா... இதெல்லாம் விடு. அவுகளை இறங்கச் சொல்லு. இப்பவே. கத்துடா... கேக்காதா. காதுல மூடி மாட்டியிருக்காகளா... அப்போ கயித்தை இழு... இல்ல, இல்ல, இழுக்காத. அறுத்துக்கிட்டிருக்கும்போது இழுத்தா... ஆமா, நீ சொல்றதுதான் சரி. இழுக்காத... பின்ன என்னதான் செய்றது. பெட்ரோலு தீருற வரைக்குமா... இப்பதான் ஊத்தினீங்களா."

இவ்வளவு நேரமும் போனுக்குள் இருந்த மெஷின் சத்தம் இப்போதுதான் அவளுக்குக் கேட்டது. மரத்தைக் கடிக்கும்போது கனத்தது, விட்டதும் கிறீச்சென்று ஏறியது. ஏறும்போதெல்லாம் அவள் கை தன் தொடையை இறுக்கிப் பிடித்தது. ஆட்டோ பிடித்து ஓடலாம் என்றால் தோப்பும்படி ஜங்ஷன் நெரிசலைத் தாண்டி எப்போது போய்ச் சேர்வது. சேர்ந்தாலும் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கத்தான் போகிறாள்.

"எங்க வச்சு அறுக்காக... மெஷினுக்குக் காலை முட்டுக் கொடுத்தா. எப்பவும் அப்படித்தானா... இந்தப் பேன்ட் வந்த பிறகுதானா..."

சத்தம் சட்டென்று நின்றது.

"ஏன் நின்னுச்சு. அனீஷே, ஏன்டா நின்னுச்சு. சொல்லித் தொலை... செயினு லூஸாயிடுச்சா. மெஷினைக் கயித்துல இறக்குறாகளா... நல்லதாப் போச்சு. வாங்கி வச்சுக்கோ, திருப்பிக் கொடுக்காத. அவுகளையும் இறங்கச் சொல்லு... இறங்குறாகளா... போனை அவுககிட்ட கொடு. கொடுடா."

"நான்தான்... சாப்பிட்டாச்சு, அதெல்லாம் ஆச்சு. இங்க கேளுங்க. அந்தப் பேன்டு... லேசாத்தான் இருக்கும், அதைத்தான் சொல்ல வந்தேன். உள்ள இருந்த நூலையெல்லாம் நான் உருவிட்டேன். காயலன்னு... அறிவில்லாம செஞ்சுட்டேன். இப்போ அது வெறும் பேன்டுதான்... ஏன் சிரிக்கீக. சிரிக்காதீக, சொல்றதைக் கேளுங்க."

"இன்னிக்குப் போதும், வாங்க... பாதி அறுத்த கொம்பா... வீட்டுக்கு நேர் மேலயா. உள்ள யாரு... டீச்சரோட அம்மாவா. படுத்த படுக்கையா... நகட்ட முடியாதா... மழை வேற கட்டிக்கிட்டு வருதா. காத்து ஒரு வீசு வீசினா..."

செல்வி நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள், இங்கேயும் கறுத்திருந்தது.

"வேற யாரையாவது ஏத்துனா என்ன. அனீஷ்... அவனுக்குப் பேன்டே இல்ல. ஆமா. அதுவும் சரிதான்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினாள். கிடைக்கிற காரணமெல்லாம் தன் புருஷனுக்கு மட்டும்தான் நல்லதாக இருந்தது. அந்த வீட்டுக்குள் எழுந்திருக்க முடியாமல் ஒருத்தி கிடக்கிறாளே.

"தெரியும்... எத்தனையோ வருஷம் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டுத்தான் அறுத்தீக. தெரியும். ஆனா அப்போ காலை விலக்கி வச்சு அறுத்தீக. வெறுங்காலுன்னு உங்களுக்கு நினைப்பு இருந்துச்சு. இப்போ பழக்கம் மாறிப்போச்சு, அனீஷு சொன்னான். காலைக் கொண்டுபோய் மெஷின்கிட்ட வைக்கீக... நினைப்பு வேணும். மேல ஏறினதும் அது பேன்டு இல்லன்னு நினைச்சுக்கங்க. லுங்கின்னு நினைச்சுக்கங்க... ம்... ம்... வந்து திட்டுங்க, என்ன வேணும்னாலும் திட்டுங்க... ஷெரி. ஏறுங்க."

ஏறுங்க என்று தன் வாயாலேயே சொன்னது அவளுக்குத் தாங்கவில்லை. கண்ணீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

"அனீஷே... செயினை முறுக்கிக் கொடுத்துட்டியா, அவுக ஏறிட்டாகளா. போனைக் கட் பண்ணாத. தோளுலயே வச்சுக்கோ. நான் ஒண்ணும் பேச மாட்டேன், எனக்குக் கேட்டா போதும்... என்ன... கொம்பு விழப் போற நேரம், கயித்துக்கு ரெண்டு கையும் வேணுமா... தலையைச் சாச்சுட்டு மேல பாக்க முடியலியா. கீழ போட்டா சகதியா..."

"வேணாம், வேணாம். என்கூடப் பேசிட்டு நிக்காத. அவுக காலைப் பாத்துக்கிட்டே இரு. கயித்தை ரெண்டு கையாலயும் பிடி, மோனே... முடிஞ்சதும் கூப்பிடு. நீ கூப்பிடாதவரைக்கும் நான் கூப்பிட மாட்டேன், பயப்படாத... வச்சிடுறேன். இதோ, வச்சிட்டேன்."

வைக்கவில்லை. மெஷின் உயிர்பெற்றுக் கிறீச்சென்று ஏறுகிற வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, தான் வைத்தால்தான் அனீஷின் கை கயிற்றுக்குப் போகும் என்று, அவளே துண்டித்தாள்.