தோளில் தூங்கிய பெண்

2003 வாக்கில் ஒரு மாலை, கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து ஸீட்டில் இஸ்திரி போட்ட வேட்டியில் ஒரு அப்பா, அன்றுதான் இன்ஜினியரிங் காலேஜில் முதல் நாளை முடித்திருந்த மகள்.

"ஒருத்தி தூங்கினதாலதான் நைனா, நான் காலேஜை வுட்டு ஓடியாரல," என்றாள் அவள்.

"இன்னாம்மா சொல்ற?"

"புதுசா சேந்தவங்களுக்கு வெச்ச கூட்டத்துல எல்லாமே இங்கிலீசு. ஒண்ணும் புரியாத மாதிரியே இருந்துச்சு. வெளிய நின்னுகினு இருந்த உன்கிட்ட வந்து, படிப்பே வேணாம்னு சொல்லிடலாம்னு பாத்தேன். அதுக்குள்ள பக்கத்துல இருந்தவ என் தோள்மேல சாஞ்சு தூங்கிட்டா. தூத்துக்குடியிலேர்ந்து ராத்திரியெல்லாம் பஸ்ஸுல வந்தாளாம். எப்டி எழுப்புறது? அப்டியே உக்காந்துகினு இருந்தேன்."

"அப்பால?"

"முழிச்சுகினு, 'ஐயையோ, என்ன சொன்னாவ?'ன்னு கேட்டா. சொல்ல ஆரம்பிச்சேன். லேப், லைப்ரரி, பரீட்சை, எல்லாத்தையும் சொல்லிட்டேன் நைனா! எனக்குப் புரிஞ்சிருக்கு!"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுக்கு இங்க யாருனா கீறாங்களா?"

"யாரும் இல்ல. ஹாஸ்டல்ல கீறா."

"ஞாயித்துக்கெழம வூட்டுக்கு இட்டுகினு வா. நமக்கு இன்னா பண்ணுச்சுன்னு அதுக்குத் தெரியாது. சொல்லவும் வேணாம். உங்கம்மாவ மீன் கொழம்பு வெக்கச் சொல்றேன், வயிறார துன்னுட்டுப் போவட்டும்."