மூடியதும் அணைத்ததும்

– மூடுனீங்களா, அணைச்சீங்களா வக்கீலம்மா? ரெண்டும் ஒண்ணு இல்லை.

– மூடினேன் ஸுஹைர். நேத்து கோர்ட்ல திடீர்னு என் வழக்கைக் கூப்பிட்டாங்க. லேப்டாப்பை அப்படியே மூடி வக்கீல்கள் அறையில வச்சுட்டு ஓடினேன். எல்லாரும் வந்து போற அறைதான், இதுவரைக்கும் ஒரு பேனா காணாமப் போனதில்லை.

– மூடினா அது தூங்கத்தான் செய்யும்.

– முழுசாப் பூட்டியிருக்குன்னு நீதானே சொன்னே?

– பூட்டினேன். அணைச்சு வச்சிருந்தா அந்தப் பூட்டை அசைக்க முடியாது. தூங்குறப்ப சாவி பூட்டுலயே தொங்கும். அதுக்கு மேல, எழுப்புறப்பல்லாம் பாஸ்வேர்டு கேட்டு உயிரை வாங்குது, அதை எடுத்துத் தொலைன்னு சொன்னது யாரு?

– நான்தான். அரை மனசோட எடுத்தே, நான் கேக்கலை.

– சரி, விடுங்க. அதுல என்ன வச்சிருந்தீங்க?

– வீட்டு அடி தாங்காம ஓடி வந்த பொண்ணுங்க வழக்கு எல்லாம். அவங்களை ஒளிச்சு வச்சிருக்கிற வீட்டு விலாசமும்.

– அல்லாஹ்வே.

– தேநீர் ஆறுது, குடி. உனக்குப் பிடிக்குமேன்னு பைன் கொட்டை நிறையப் போட்டிருக்கேன்.

– குடிக்கிறேன். எதனால சந்தேகம் வந்துச்சு?

– இன்னைக்குக் காலையில அந்த வீட்டு வாசல்ல ஒருத்தன் கையில பூவோட நின்னான். அந்த விலாசம் இந்த ஸ்ஃபாக்ஸ் ஊர்லயே ரெண்டு பேருக்குத்தான் தெரியும். கதவைத் திறக்காம, பின்வாசல் வழியா எல்லாரையும் வெளியேத்திட்டோம். பொண்ணுங்க பத்திரமா இருக்காங்க.

– நல்லதாப் போச்சு. இருங்க, பாத்துடறேன்... ஆமா. நேத்து நீங்க கோர்ட்ல பேசிக்கிட்டு இருந்தப்ப யாரோ எழுப்பியிருக்காங்க. ஒரு பென் டிரைவைச் செருகி, அந்த வழக்கு ஃபோல்டரை எடுத்துட்டு மறுபடி மூடி வச்சிருக்காங்க.

– யாருன்னு தெரியுமா?

– மனுஷன் பேரு பதிவாகாது. பென் டிரைவுக்கு வச்ச பேரு பதிவாகும். பாப்போம்.

– என்ன பேரு போட்டிருக்கு?

– ‘லசாத் டிரைவிங் ஸ்கூல்’னு இருக்கு. என் மச்சான் கம்பெனி, வக்கீலம்மா. கல்யாணத்தப்ப நான்தான் ஒரு டஜன் வாங்கி, பேரு போட்டுக் குடுத்தேன்.

– உன் அக்கா வீட்டுக்காரன்.

– இல்லை, யாராச்சும் அவர்கிட்டேருந்து திருடியிருப்பாங்க. மச்சான் அப்படிப்பட்டவர் இல்லை. எங்கப்பா மௌத்தானப்ப மூணு நாள் எங்கூடவே இருந்தாரு. நீங்க பாத்தா உங்களுக்கே பிடிச்சுப் போகும்.

– பாத்திருக்கேன். உன் அக்கா இப்ப எங்க இருக்கா?

– பிரான்ஸ்ல, மர்சேயில. மருத்துவமனையில வேலை கிடைச்சிருக்கு. மச்சான்தான் அனுப்பி வச்சாரு.

– அங்க போனப்புறம் அவகிட்டப் பேசினியா?

– தினமும் மெசேஜ் போடுவா.

– குரலைக் கேட்டியான்னு கேக்குறேன்.

– அவளுக்கு நேரம் இல்லை. எதுக்கு இப்படிச் சுத்தி வளைச்சுக் கேக்குறீங்க?

– உன் அக்கா அஹ்லாம் போட்ட துணியோடதான் அந்த வீட்டை விட்டு ஓடி வந்தா. போனை அங்கேயே விட்டுட்டா. உனக்கு மெசேஜ் போடுறது அவ இல்லை.

– என் அக்காவா? உங்ககிட்டயா? எங்கிட்ட ஏன் சொல்லலை?

– சொல்லாதேன்னு அவதான் கையைப் பிடிச்சுக் கேட்டா. முதல் தடவை ஓடி உங்க அம்மா வீட்டுக்கு வந்தப்ப, சமாதானம் பேசி அவளை வண்டியில ஏத்தி அவன்கிட்டயே கொண்டு போய் விட்டது நீதானாமே?

– சாதாரண சண்டைன்னுதான் நினைச்சேன்... அவ இப்ப எங்கே?

– அந்தக் கதவுக்குப் பின்னாடி. நீ வந்ததுலேருந்து பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா தம்பி. இந்தத் தடவை நீ யார் பக்கம்னு தெரியாம வெளியே வரமாட்டேங்குறா.