ஓடையின் அகலம்

பிரதாப்: பின்தெரு சாந்தம்மாக்கா வீடு முங்குனதுக்கு மழைதான் காரணம். இதுக்கு எதுக்குடி கம்ப்யூட்டரு?

பிரவீனா: போன வருசமும் இதே மழைதாங்க. அப்ப முங்கலையே?

பிரதாப்: புது வீட்டு மாடியில நிம்மதியா காபி குடிக்கலாம்னா... லீவு நாள்லயும் பொண்டாட்டியோட ஆபீஸ் கதையா!

பிரவீனா: கேளுங்க. மத்திகிரில வந்த வெள்ளத்தை அப்படியே கம்ப்யூட்டர்ல ஓட விட்டோம். அக்கா வீட்டுச் செவுத்துல கறை இடுப்பளவு. எங்க கம்ப்யூட்டர் கணக்குல வந்தது முழங்காலளவு.

பிரதாப்: உங்க கம்ப்யூட்டரு குள்ளம்போல.

பிரவீனா: சிரிக்காதீங்க. மண்ணு எவ்ளோ தண்ணி குடிக்கும், சரிவு எவ்ளோ, ஓடை எவ்ளோ அகலம்... பாதி எங்களுக்கே தெரியாது. அதான் ஒவ்வொண்ணையும் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் கொறச்சுப் பாப்போம். எதைத் தொட்டா வெள்ளம் ஆடுதோ, அதைத்தான் தேடிக் கண்டுபிடிக்கணும்.

பிரதாப்: கொழம்புல உப்பா, புளியான்னு பாக்கற மாதிரி.

பிரவீனா: ம்... மண்ணை மாத்துனோம், ஆடல. சரிவை மாத்துனோம், ஆடல. ஓடை அகலத்தைக் கொறச்சதும்... முழங்கால் இடுப்பாயிடுச்சு!

பிரதாப்: எவ்ளோ... கொறச்சீங்க?

பிரவீனா: ஒரு எடத்துல ஓடையே இல்லைன்னு வச்சாத்தான் கறை சரியா வருது.

பிரதாப்: குப்பை அடைச்சிருக்கும்.

பிரவீனா: குப்பைய வெள்ளமே அடிச்சிட்டுப் போயிருக்குமே.

பிரதாப்: அதுக்காகக் குடியிருக்கற வீட்டையா இடிப்பாங்க?

பிரவீனா: ...நான் ஓடைன்னுதானே சொன்னேன்? வீடுன்னு சொல்லவே இல்லையே!

பிரதாப்: இல்ல... அது வந்து...

பிரவீனா: ஏங்க! அப்ப உங்களுக்குத் தெரியுமா?

பிரதாப்: கத்தாத, கீழ அம்மாவுக்குக் கேக்கும்... வீட்டுக்குக் கடக்கால் தோண்டறப்பவே தண்ணி ஊறுச்சு. பக்கத்துக் காட்டுல வெள்ளாம பண்ற ராமப்பன், “இது ஓடைப்பா”ன்னாரு. அதுக்குள்ள பத்திரம் முடிஞ்சிருச்சே! லாரில மண்ணக் கொட்டி மூடிட்டேன்.

பிரவீனா: அய்யோ கடவுளே... அக்கா பேரப்புள்ள கட்டில் மேல நின்னு அழுதுச்சே! நீங்கதானே தூக்கிட்டு வந்தீங்க!

பிரதாப்: அன்னியிலருந்து எனக்குத் தூக்கமே இல்ல பிரவீ... ஆனா இந்த வீடு போனா நாம எங்க போறது? அந்த அகலத்தை மட்டும் மாத்திரு. மண்ணு மேல பழியப் போடு. யாருக்குத் தெரியப்போவுது?

பிரவீனா: முடியாதுங்க.

பிரதாப்: ஏன்?

பிரவீனா: ஓடை அடைபட்ட எடம்னு நம்ம வீட்டு நம்பரப் போட்டு, ரிப்போர்ட்ட நேத்தே அனுப்பிட்டேன். நீங்களா வாயத் தொறக்கறீங்களான்னு பாக்கத்தான்... இவ்ளோ நேரம் கதை சொன்னேன்.